முடங்கிய கை மீண்ட வரலாறு



பரிசளிப்பு விழா மலரில் சரித்திரக் கட்டுரை என்றதும், கடாரம் வென்ற சோழனைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பாடப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது முட்டிக்கால், முதுகு, தோள்பட்டை, விரல் இவற்றின் சரித்திரம்.

உங்களுக்குத் தெரிந்த காட்சிதான் இது. ஈப்போ புந்தோங்கில் ஒரு வீடு. கூடத்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு பாட்டி. முப்பது வருஷம் பால் வெட்டியவர். பக்கவாதம் வந்து வலக்கை மடங்கிக் கிடக்கிறது. மகள் ஊட்டிவிடுகிறாள். விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "கை கால் விழுந்து போச்சு. இனிமே என்ன இருக்கு, ஆண்டவன் விட்ட வழி." பாட்டியும் அதை நம்பிவிட்டார்.

அந்த வார்த்தை எவ்வளவு தூரம் உண்மை? இதைத்தான் உங்களோடு உட்கார்ந்து பேச நினைக்கிறேன்.

முதலில் நம் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பேராக்கில் பழைய ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆனால் அங்கே உழைத்த உடம்புகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. இருட்டு விலகுமுன் பெரட்டு. பிறகு ஆளுக்கு ஒரு நிரை, 400, 500 மரங்கள். பட்டை வெட்ட வெட்டக் கீழே இறங்கிக்கொண்டே வரும். இடுப்புக்குக் கீழே வந்தால் குனியவேண்டும். தரையை நெருங்கினால் குந்தவேண்டும். மேல்பட்டை என்றால் அண்ணாந்து கையைத் தூக்கியபடியே வெட்டவேண்டும். பால் எடுக்கும் நேரம் வந்தால் காண்டாக் கம்பைத் தோளில் போட்டு, இரண்டு பக்கமும் வாளி தொங்க, மேட்டிலும் பள்ளத்திலும் நடை. ஒரு நாள் இப்படிச் செய்தால் தேகப் பயிற்சி. முப்பது வருஷம் செய்தால்?

வலி வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் ஐயா மாத்திரை கொடுப்பார். வீட்டில் கோடாலித் தைலம், நல்லெண்ணெய், செங்கல் ஒத்தடம். அதற்கும் கேட்காவிட்டால் கம்பத்து மக்சிக்கிடம் போய் உருவிக்கொள்வது. இவற்றை நான் குறை சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்த இரவு நிம்மதியாகத் தூக்கம் வரும், அது பொய்யில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தைலமும் உருவலும் இன்னொருவர் கை செய்கிற வேலை. நோயாளி சும்மா படுத்திருப்பார். பிசியோதெரபி என்னும் வைத்தியம் இங்கேதான் மாறுபடுகிறது. அதில் முக்கியமான வேலை நோயாளியுடையது. அதனால்தான் நம் ஆட்களுக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்றும் சொல்லலாம்!

இந்த வைத்தியம் ஐரோப்பாவில் வளர்ந்தது. 1813ஆம் ஆண்டிலேயே சுவீடனில் லிங் என்பவர் உடற்பயிற்சியை முறையாகக் கற்பிக்க அரசாங்க ஆதரவோடு ஒரு கழகம் நிறுவினார். இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டு நான்கு தாதியர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். இதைப் பெரிதாக்கியவை இரண்டு உலக யுத்தங்களும் இளம்பிள்ளை வாதமும். காலிழந்து, முதுகு ஒடிந்து திரும்பிய சிப்பாய்களை என்ன செய்வது என்ற கேள்வி அரசாங்கங்களுக்கு வந்துவிட்டது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு அடிபட்டவர்களைப் படுக்கையில் விட்டுவைக்காமல் எழுப்பி உட்காரவைத்து, பந்து எறியவைத்தார். 1948இல் அவர்களுக்கு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பிற்காலத்தில் பாராலிம்பிக் ஆயிற்று.

அதே காலத்தில் நம் பேராக்கில் நிலைமை எப்படி இருந்தது? ஈப்போ ஃபேர் பார்க்கில் சிபில் கார்த்திகேசு பெயரில் ஒரு சாலை இருக்கிறது, பார்த்திருப்பீங்க. அவர் தாதி. கணவர் தமிழ் டாக்டர், ஈப்போ புரூஸ்டர் ரோட்டில் கிளினிக் வைத்திருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் பாப்பான் என்ற சிற்றூருக்குக் குடிபோய், காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினருக்கு அந்த அம்மா இரகசியமாக மருந்து கொடுத்தார். 1943இல் பிடிபட்டார். சித்திரவதையில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, 1945இல் பத்து காஜா சிறையிலிருந்து மீண்டபோது நடக்க முடியாத நிலையில் இருந்தார். வைத்தியத்துக்கு அவரை விமானத்தில் பிரிட்டனுக்குத்தான் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூனில் அங்கேயே காலமானார். பேராக்கே அறிந்த ஒரு வீராங்கனைக்கு ஆனபடியால் விமானம் கிடைத்தது. அதே வருஷம் மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த ஒரு தோட்டத் தொழிலாளிக்கு என்ன கிடைத்திருக்கும்? லயத்து வராந்தாவும் ஒரு பாயும்தான்.

ஏழைக்கும் எட்டும்படியாக இந்த வைத்தியம் நம் தமிழ் மண்ணில் வேர்பிடித்த இடம் வேலூர். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைத் தெரியாத தமிழர் குறைவு. 1900ஆம் ஆண்டு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய இடம் அது. அங்கே 1946இல் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்து சேர்ந்தார். பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர் என்றேனே தவிர, அவர் பிறந்தது கொல்லிமலையில், 1914இல். தாய் தந்தை இருவரும் அந்த மலைவாசிகளுக்குத் தொண்டு செய்தவர்கள். வைத்தியம் படிப்பதற்கு முன்னால் இவர் சில வருஷம் கொத்து வேலையும் தச்சு வேலையும் பழகியவர். இதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். மனிதனுடைய கையை அவர் பார்த்தபோது அதில் ஒரு தச்சனின் கண்ணும் கலந்திருந்தது.

1947இல் அவர் செங்கல்பட்டுக் குஷ்டரோக மருத்துவமனையைப் பார்க்கப் போனார். டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே பொறுப்பில் இருந்தார். நோயாளிகளின் விரல்கள் பருந்தின் நகம்போல மடங்கிக் கிடந்தன. அந்தக் கைகளுக்கு ஏன் இப்படி ஆகிறது, இதற்கு வைத்தியம் உண்டா என்று பிராண்ட் கேட்டார். எலும்புக்கு வைத்தியம் செய்யும் டாக்டர்கள் யாரும் இதுவரை அக்கறைப்படவில்லை என்பதுதான் பதிலாக இருந்தது. பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்த மனிதர் பிடித்த பிடியில் பிராண்டுக்கே வலி தாங்கவில்லை!

அந்தப் பிடியில்தான் விஷயம் இருந்தது. கை செத்துப்போகவில்லை. உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகளுக்குப் போகும் நரம்புதான் கெட்டிருந்தது. முன்கையிலிருந்து விரலை மடக்கும் பெரிய தசைகள் நல்ல பலத்தோடு இருந்தன. அப்படியானால் பலமுள்ள தசையின் நாண் ஒன்றை எடுத்து, பலமற்ற விரலுக்குத் திருப்பிக் கட்டினால் என்ன? வாய்க்காலில் தண்ணீரை மடை மாற்றி விடுவது போலத்தான். 1948 முதல் வேலூரில் இந்த அறுவை சிகிச்சை நடந்தது.

கத்தி வேலையோடு கதை முடிந்துவிட்டதென்று நினைக்கக்கூடாது. என்னைக் கேட்டால் பாதி வேலை அதற்குப் பிறகுதான். நாணை மாற்றிக் கட்டிவிட்டால் விரல் தானாக அசையாது. மூளைக்கு அந்தத் தசையின் பழைய வேலைதான் தெரியும். நடுவிரலை மடக்கு என்றால் அது வேறு எதையோ அசைக்கும். ஆகவே அறுவைக்கு முன்பே நாள்தோறும் எண்ணெய் போட்டு விறைத்த மூட்டுகளை இளக்கவேண்டும். அறுவை முடிந்து மூன்று வாரம் கை மாவுக்கட்டில் இருக்கும். கட்டைப் பிரித்த அன்றிலிருந்து சின்னக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, "இப்படி நினை, இப்படி அசை" என்று ஆரம்பிக்கவேண்டும். முதல் நாள் நெல்மணி அளவு அசைவு. அடுத்த நாளும் அதேதான். சில வாரத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு தம்ளரைப் பிடிக்கும். பிறகு சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும். சோறு கையால் சாப்பிடுகிற நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை. வேலூரில் இந்தப் பயிற்சிக்கு முறை வகுத்தவர்களில் ரூத் தாமஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் ஒருவர். டாக்டரின் பெயர் பரவிய அளவுக்கு இந்த அம்மையாரின் பெயர் பரவவில்லை. உலகம் அப்படித்தான்.

அங்கே ஒரு வேடிக்கையான சங்கடமும் வந்தது. கை நேரானவர்களில் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்களாம். மடங்கிய கைக்குத்தான் பிச்சை விழுந்தது. நல்ல கையைப் பார்த்து யாரும் காசு போடவில்லை, குஷ்டரோகி என்று வேலையும் கொடுக்கவில்லை! கையைக் கொடுத்தால் போதாது, அந்தக் கைக்கு ஒரு வேலையும் கொடுக்கவேண்டும் என்பது அப்போது புரிந்தது. பிறகு கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்று ஒரு சிறு குடியிருப்பு அமைத்து, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள்.

மாணவர்களே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். குஷ்டத்தில் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அதுவரை உலகம் எண்ணியிருந்தது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று திறக்கவில்லை. பிராண்டின் பலத்துக்கும் அது அசையவில்லை. ஒரு சின்னப் பையன் வந்து சாவியைத் திருகினான்; பூட்டு திறந்தது. ஆனால் தரையில் இரத்தம். சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் வலி இல்லை. இன்னும் சிலருக்கு இராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் காணவில்லை. விழித்திருந்து பார்த்தபோது எலி! தூங்குகிறவன் விரலை எலி கடிக்கிறது, அவன் அசையவே இல்லை. பிறகு நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். விரல்கள் போனது நோயால் அல்ல, வலி தெரியாததால் வந்த காயத்தால் என்பது இப்படித்தான் உறுதியாயிற்று.

வலியை நாமெல்லாம் சனியன் என்கிறோம். அந்த டாக்டரோ வலி ஒரு கொடை என்று புத்தகமே எழுதினார். மரத்துப்போன பாதங்களுக்காக நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்து போட்டார்கள். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுவதும் பரவும்படி செய்தார்கள். ஆமாம், ரப்பர்தான். பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

1954இல் வேலூரில் ஒரு விபத்து. இளம் டாக்டர்கள் உல்லாசப் பயணம் போன வண்டி உருண்டது. அதில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், கேரளத்துப் பெண், முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஆனார். படித்து முடித்து வாழ்க்கையைத் தொடங்கும் வயது. அவருக்கு அறுவை செய்தவர்களில் பிராண்டும் ஒருவர். உட்கார முடிந்ததும் பிராண்ட் அவருக்கு ஒரு வழி காட்டினார். வயிற்று அறுவைக்கு டாக்டர் நிற்கவேண்டும். கை அறுவைக்கு உட்கார்ந்தே செய்யலாமே! மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளைச் சீர்படுத்தினார். நடக்க முடியாத டாக்டர், பிடிக்க முடியாதவனுக்குக் கை கொடுத்தார்.

அதோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய், தன் கை பலத்தாலேயே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், பிறர் துணையின்றித் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளவும் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு வைத்தியம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தென்னை மரத்திலிருந்தும் பனை மரத்திலிருந்தும் விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், மூட்டை சரிந்து முதுகொடிந்தவர்கள் என்று ஏழை எளியவர்கள் அங்கே வந்தார்கள். "இனிமேல் என்ன இருக்கு" என்று வந்தவனிடம், தானே சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு டாக்டர் வந்து பேசினால் அவன் என்ன பதில் சொல்ல முடியும்? 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் மறைந்தார்.

சரி, வேலூர்க் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மலேசியாவில் இனிப்பு நீர் வியாதி மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம்தான் அதிகம் என்று அரசாங்க சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இனிப்பு நீர் முற்றினால் பாதம் மரத்துப்போகும். செங்கல்பட்டில் அந்தக் கைக்கு நடந்ததுதான் நம் வீட்டுக் காலுக்கும் நடக்கிறது: முள் குத்தினால் தெரியாது, செருப்பு கடித்தால் தெரியாது, புண் பெரிதாகும், கடைசியில் காலை எடுக்கவேண்டி வரும். 1966இல் அமெரிக்கா போன பிராண்ட், குஷ்டரோகிகளின் பாதத்தில் கற்றதை அங்கே இனிப்பு நீர்க்காரர்களின் பாதத்துக்கும் பயன்படுத்தினார். ஆகவே மரத்த காலுக்குச் செங்கல் ஒத்தடமும் சுடுதண்ணீரும் கூடவே கூடாது. தோல் வெந்து போவதே தெரியாது. இரவு படுக்குமுன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். கண் தெரியாத தாத்தா என்றால் பேரன் பார்க்கட்டும்.

முட்டி வலியும் அப்படித்தான். முட்டியைத் தாங்குவது தொடைத் தசை. வலிக்கிறதென்று நடக்காமல் உட்கார்ந்தால் அந்தத் தசை இளைக்கும், தசை இளைத்தால் பாரம் முழுவதும் மூட்டில் இறங்கும், வலி கூடும், இன்னும் உட்காருவோம். பிசியோதெரபி இந்தச் சுற்றை அறுக்கிறது, தேய்ந்த மூட்டைப் புதிதாக்குவதில்லை. அப்படிச் சொல்லி மருந்து விற்பவனை நம்பவேண்டாம். முதுகு வலிக்குக்கூட வாரக்கணக்கில் படுக்கச் சொன்ன காலம் போய், இப்போது முடிந்த அளவு நடமாடச் சொல்கிறார்கள்.

பக்கவாதம் வேறு. வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கே, அந்த மணியே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நாளைக்குப் பார்க்கலாம் என்றால் போச்சு. உயிர் தப்பியபின் தொடங்குகிறது பயிற்சி. மூளையில் செத்துப்போன இடம் மீண்டு வராது. ஆனால் பக்கத்தில் இருக்கும் பகுதி அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். வேலூரில் மடை மாற்றிய தசைக்குப் பாடம் சொன்னார்களே, அதேபோல இங்கே மூளைக்குப் பாடம். முதல் சில மாதங்களில் அது வேகமாகக் கற்கும். அந்த மாதங்களில்தான் நம் ஆட்கள் பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறார்கள், அன்பினால்! "நீங்க சும்மா இருங்க பாட்டி, நான் ஊட்டிவிடுறேன்." எல்லாருக்கும் முழுக் கையும் திரும்பி வரும் என்று நான் சொல்லமாட்டேன். பலருக்கு வராது. ஆனால் தானே எழுந்து கழிவறைக்குப் போவதற்கும், ஆள் தூக்கிக்கொண்டு போவதற்கும் உள்ள தூரம் கொஞ்சமா?

இன்று இதற்குப் பிரிட்டனுக்குப் பறக்கவேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'ஃபிசியோதெராப்பி' என்ற பலகை தொங்குகிறது. கிளினிக்கில் டாக்டரிடம் கடிதம் கேட்டு வாங்கிப் போகலாம். தொழிலாளிகளுக்கு 1971 முதல் சொக்சோ இருக்கிறது. வேலையில் அடிபட்டவர்களுக்காக 2014இல் மலாக்காவில் அது ஒரு பெரிய மறுவாழ்வு மையத்தைத் திறந்தது. இப்போது நம் ஈப்போ மேரு ராயாவிலேயே ரோபோ கருவிகளோடு இன்னொன்று வந்திருக்கிறது. பிசியோதெரபி செய்பவர் முறையாகப் படித்துப் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2016இல் அதற்கென்று சட்டமும் வந்துவிட்டது.

ஆனால் ஆஸ்பத்திரியில் கிடைப்பது வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். மீதி நாளெல்லாம் வீட்டில்தான். பேப்பரில் படம் போட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பேப்பர் பல வீடுகளில் டெலிவிஷனுக்குக் கீழே தூங்குகிறது.

மாணவர்களே, அதை எடுங்கள். முட்டி வலிக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் பயிற்சி ஒன்று அதில் இருக்கும். தாத்தாவை நாற்காலியில் நேராக உட்காரச் சொல்லுங்கள். ஒரு காலை மெல்ல நீட்டி, முட்டியை நேராக்கி, அப்படியே பிடிக்கவேண்டும். நீங்கள் பத்து வரை எண்ணவேண்டும், உரக்க, அவசரப்படாமல். தாத்தா ஏழிலேயே காலை இறக்கப் பார்ப்பார், "போதும்டா" என்பார். தொடை நடுங்கும், அது பரவாயில்லை. ஆனால் சுருக்கென்று குத்தும் வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் விடாதீர்கள்: எட்டு, ஒன்பது, பத்து. இப்போது அடுத்த கால்.